சிரிப்பு வராத கார்

எங்கள் சங்கத்தில் காரை ஓட்டுவதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டு. துடைக்கலாம், மெழுகு பூசலாம். பானெட்டைத் திறந்து வைத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பக்கத்தில் நிற்பவரோடு சேர்ந்து உள்ளே எட்டிப் பார்க்கலாம். புல்வெளியில் வரிசையாக நிறுத்தி, மடக்கு நாற்காலி போட்டு, காருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பன்றிக்கறி அடைத்த அப்பம் தின்னலாம். ஓட்டப் போகிறேன் என்று யாராவது சொன்னால்தான் பேச்சு நின்றுபோகும்.

ஆஷ்கோம்ப் உரிமையாளர் சங்கம், இங்கிலாந்தின் டார்பிஷயர் கிளை. ஆஷ்கோம்ப் என்பது இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, துணிக்கூரையை மடக்கிவிட்டுத் தரையோடு தரையாகப் போகிற ஸ்போர்ட்ஸ் கார். அதைச் செய்த கம்பெனி இழுத்து மூடி நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. செய்தவர்களே மறந்துபோன காரை ஞாபகம் வைத்திருப்பதற்கென்று ஒரு தலைவர், ஒரு பரிசோதகர், ஒரு குழு, குழுவுக்குள் ஒரு குட்டிக் குழு. நானும் உறுப்பினன்தான். பெயர் கிரஹாம். என் ஆஷ்கோம்ப் கராஜில் போர்வை போர்த்திக்கொண்டு தூங்குகிறது. நான் அதை எழுப்புவதில்லை.

இது என் பக்கத்து வீட்டு டெரெக் ஆல்சப்பின் கதை. மேட்லாக்கில் குளியலறை ஓடு விற்கிற கடை வைத்திருந்தவன். பதினோரு வருஷமாகத் தன் கராஜில் ஓர் ஆஷ்கோம்பைக் கட்டிக்கொண்டிருந்தான். துருப்பிடித்த சட்டமாகவும் நாலு பெட்டி சாமான்களாகவும் வாங்கி வந்தது. எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் அவன் கால்கள் தெரியும். அவன் மனைவி மோரீனுக்குப் புருஷன் முகத்தைவிடச் செருப்போடுதான் பழக்கம் அதிகம் என்று நான் கேலி செய்வேன். ஒரு மார்ச் மாதம் வேலை முடிந்தது. அதே மாதம் கடையையும், கடை வேனையும் விற்றுவிட்டு ஓய்வு பெற்றான். அதே மாதம்தான் செஸ்டர்ஃபீல்ட் ஆஸ்பத்திரிக்கும் போனான்.

திரும்பி வந்து வேலி ஓரமாக நின்றான்.

"டாக்டர் என்னப்பா சொன்னாரு?" என்றேன்.

"ஓரப் பார்வை சுருங்கிக்கிட்டே வருதாம். இப்போதைக்கு ஓட்டலாம். அக்டோபர்ல மறுபடி சோதிப்பாங்க. அடுத்த கோடைக்குன்னு ஏதாவது திட்டம் வச்சிருக்கீங்களானு கேட்டாரு."

"என்ன சொன்னே?"

"இல்லைன்னேன். நல்லதுன்னாரு."

ஆக, மிச்சமிருந்தது ஒரு கோடை. டெரெக்குக்கு வேண்டியிருந்ததும் பெரிதாக ஒன்றுமில்லை. கூரையை மடக்கிவிட்டு, மோரீனைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஸ்னேக் பாஸ் மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறி, அந்தப் பக்கம் கிளாஸப்பில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். கார் தயார். பாதை இருநூறு வருஷமாக அங்கேயே கிடக்கிறது. மோரீன் தலைக்குக் கட்ட ஸ்கார்ஃப்கூட வாங்கிவிட்டாள். இன்ஷூரன்ஸ் ஒன்றுதான் பாக்கி.

வெளியில் விசாரித்தான். கண் விஷயத்தை ஒளிக்காமல் சொன்னான். சாதாரணக் காருக்கென்றால் தருகிறோம், இந்தக் கண்ணோடு பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு முடியாது என்று கேட்ட இடமெல்லாம் கதவைச் சாத்தினார்கள். எங்கள் சங்கத்தின் இன்ஷூரன்ஸ் திட்டம் மட்டும் ஓட்டுகிறவனின் கண்ணைப் பற்றிக் கேட்பதே இல்லை. அவனுடைய இன்னொரு காரைப் பற்றித்தான் கேட்கும்.

விதி இதுதான்: ஆஷ்கோம்ப் வைத்திருக்கிறவரிடம் அன்றாட வண்டி ஒன்று இருக்க வேண்டும், அது அன்றாட வண்டியாகவே இருக்க வேண்டும். முதல் பாதியில் நியாயம் இருக்கிறது. பால் வாங்கவும் பல் பிடுங்கவும் பழைய காரை எடுத்துக்கொண்டு அலையக் கூடாது. இரண்டாவது பாதியை வைத்துத்தான் எங்கள் குழு பிழைக்கிறது.

வேனை விற்றுவிட்டதால் டெரெக் எப்படியும் ஒரு கார் வாங்கியாக வேண்டும். என்னுடையதைப் போல ஒன்று வாங்கிவிடு என்று யோசனை சொன்னேன். என் காரின் நிறத்தை விற்றவர்கள் பெய்ஜ் என்றார்கள். பழைய பல்செட்டின் நிறம் என்கிறாள் என் மனைவி. டெரெக் அதை ரவுண்டானா வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"இதுல ஒரு குறையும் இல்ல, கிரஹாம்," என்றான், துக்க வீட்டில் பேசுகிற குரலில். பிறகு சொன்னான்: "வெயில் அடிக்கிற ஞாயித்துக்கிழமை நம்ம ஊர்ல எத்தனை வரும்? மீதி நாளெல்லாம் நான் இதுக்குள்ளயா உக்காந்து கெடக்கணும்? அதுவும் மிச்சமிருக்கிறதே கொஞ்ச நாள்."

செஸ்டர்ஃபீல்டில் பழைய கார் விற்கிற இடம் ஒன்றில் அவனுக்கானது நின்றிருந்தது. சிவப்பு. ஹாட் ஹேட்ச் என்று சொல்கிற ஜாதி. பார்த்தால் பின்கதவு மேலே தூக்கித் திறக்கிற சாதாரணக் குடும்பக் கார். உள்ளே மட்டும் எவனோ ஒரு குறும்புக்காரன் அளவுக்கு மீறின இன்ஜினை வைத்து அனுப்பியிருப்பான். டெரெக் அவசரப்பட்டு வாங்கவில்லை. ஐந்து கதவா என்று பார்த்தான். மோரீனுக்கு இடுப்பெலும்பு மாற்றியிருந்தது, அதனால் அவளை நாலு தடவை ஏறி இறங்கச் சொன்னான். பின் சீட்டை மடக்கினால் சுருட்டின கம்பளம் போகுமா என்று அளந்தான். அவர்கள் வீட்டு வேட்டைநாய் டோலியை டிக்கிக்குள் ஏற்றிப் பார்க்க நினைத்தான். அதற்குள் டோலி தானாகவே குதித்து ஏறிப் படுத்துவிட்டது. பெட்ரோல் எவ்வளவு குடிக்கும், டயர் எங்கே கிடைக்கும், ஒன்று விடாமல் கேட்டான். சம்பந்தம் பேசப் போனவன்கூட இவ்வளவு கேட்டிருக்க மாட்டான்.

பிறகு ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். நானும் டோலியும் பின்னால். ரவுண்டானாவைத் தாண்டி நேர்ப் பாதை வந்ததும் டெரெக் காலை அழுத்தினான்.

மோரீன் சிரித்தாள். மெதடிஸ்ட் கோயிலில் ஆர்கன் வாசிக்கிறவள் அவள். அவள் சிரிப்பு வழக்கமாக உதட்டோடு நின்றுவிடும். இது அடிவயிற்றிலிருந்து வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் சிரித்து நான் கேட்கவில்லை.

"டெரெக்," என்றாள் மூச்சு வாங்க, "மறுபடி ஒரு தடவை."

அங்கேயே வாங்கிவிட்டான்.

மே மாதம் சங்கத்திலிருந்து பரிசோதகர் வந்தார். கீத் டன்னிக்ளிஃப். குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஈயையும் விரட்டாத மனிதர். டீ குடித்தார். டிக்கியைத் திறந்து பார்த்தார், நாய் முடி இருந்தது, திருப்தி. கதவுப் பையில் பழைய பார்க்கிங் சீட்டுகள், ஒற்றைக் கையுறை, கரைந்துபோன மிட்டாய் எல்லாம் இருந்தன, ரொம்பத் திருப்தி. பிறகு சாவியை வாங்கிக்கொண்டு ஒரு சுற்றுப் போனார். திரும்பி வந்து, இன்ஜினை அணைத்துவிட்டு, இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஆச்சு கீத்?" என்றான் டெரெக்.

"மன்னிச்சிருங்க டெரெக். கிராம்ஃபர்ட் திருப்பத்துல சிரிச்சுட்டேன்."

"அதனால என்ன?"

"நான் அதை எழுதியாகணுமே."

எழுதிவிட்டார். விசாரணை பிளாக் ராம் மதுக்கடையின் மாடி அறையில் நடந்தது. தலைவர் ரூபர்ட் ஃபென்விக்-ஹே சங்கத்தின் டை கட்டி, சங்கத்தின் பித்தளைப் பொத்தான் வைத்த கோட் போட்டு வந்திருந்தார். அவருடைய ஆஷ்கோம்ப் ஈரப்பதம் புகாத பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் இருக்கிறது. உள்ளே காற்றை ஊதிக்கொண்டே இருக்க ஒரு மெஷின் உண்டு. அவர் வீட்டு விருந்தாளி அறையில் ஹீட்டர் வேலை செய்யாது.

அவர் எழுந்தார்.

"அன்பர்களே! எழுபத்து நாலாம் வருஷம், நம்ம கிளையைச் சேர்ந்த ஒருத்தர், பேர் சொல்ல மாட்டேன், அவர் குடும்பம் இன்னும் பேக்வெல்லதான் இருக்கு, தன்னோட ஆஷ்கோம்பை எடுத்துக்கிட்டுப் போய் மீன் வாங்கிட்டு வந்தாரு. மீன்! பொட்டலம் பக்கத்து சீட்ல! அன்னைக்குத்தான் இந்த விதி பொறந்துச்சு. ஒரு காரை எதுக்காவது பயன்படுத்திட்டா அது வெறும் வண்டி ஆயிடும். எதுக்கும் பயன்படாம காப்பாத்தினாத்தான் அது ஆஷ்கோம்ப். பயன்படுறதுக்குன்னு வேற வண்டி இருக்கணும். அந்த வேற வண்டியிலயும் சந்தோஷம் கெடைச்சா, மனுஷன் ஆஷ்கோம்பை நெனச்சு எதுக்கு ஏங்குவான்? ஏக்கம்தான் நம்ம சங்கத்தோட அஸ்திவாரம். நான் முப்பது வருஷமா ஏங்கிக்கிட்டிருக்கேன். ஒரு நாள்கூட ஓட்டிக் கெடுத்துக்கல."

கை தட்டினார்கள். சிவப்புக் கார் 'இன்ப வண்டி' வகையில் சேர்க்கப்பட்டது. அதற்கே தனியாக ஓர் அன்றாட வண்டி வேண்டுமாம்.

டெரெக் கையைத் தூக்கினான். "அப்படின்னா மூணாவதா ஒரு கார் வாங்கிட்டா சரியா போயிடுமா?"

"அதை நீங்க தினமும் ஓட்டணும், திரு ஆல்சப். ஓட்டுவீங்களா?"

"இது வாசல்ல நிக்கும்போது அதை எதுக்குங்க ஓட்டப் போறேன்?"

நேர்மையான முட்டாள். தலைவர் இரக்கத்தோடு தலையை ஆட்டினார். "அப்ப அது அன்றாட வண்டி இல்ல. சும்மா நிக்கிற வண்டி. சும்மா நிக்கிறது ஆஷ்கோம்புக்கு மட்டுமே உள்ள உரிமை."

"சரி, இதை வித்துட்டு கிரஹாம் வச்சிருக்கிற மாதிரி ஒண்ணு வாங்கிடறேன்."

"வாங்கலாம். ஆனா நீங்க ஒரு தடவை சந்தோஷத்தைத் தேடிப் போனவர். மனசு உண்மையிலயே மாறிடுச்சானு பாக்க ஒரு வருஷம் காத்திருப்பு உண்டு."

டெரெக்கிடம் ஒரு வருஷம் இல்லை. அதை அந்த அறையில் அவன் சொல்லவில்லை. எங்கள் ஊரில் கண்ணைப் பற்றியும் குடலைப் பற்றியும் கூட்டத்தில் பேச மாட்டோம். நான் சொல்ல வாயெடுத்தேன். அவன் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தான்.

"வழி இல்லாமப் போகல," என்றார் தலைவர். "இதே வண்டிய அடக்கலாம். வாங்க, காட்டறேன்." எல்லாரும் ஜன்னலுக்குப் போனோம். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் என் கார் நின்றது. "கிரஹாமோட வண்டிய பாருங்க. நாம எல்லாரும் அதைத் தாண்டித்தான் உள்ளே வந்தோம். யாராவது கவனிச்சீங்களா?"

ஒருவரும் கவனித்திருக்கவில்லை. எனக்குப் பலத்த கைதட்டல். வீட்டுக்குப் போய் இதைப் பெருமையாகச் சொன்னேன். என் மனைவி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

ஜூனில் டெரெக் அடக்க ஆரம்பித்தான். சிவப்பின் மேல் சாம்பல் நிற ஸ்டிக்கர் ஒட்டினான். பளபளத்த சக்கரங்களைக் கழற்றிவிட்டுத் தட்டு மூடி போட்ட சின்னச் சக்கரம் மாட்டினான். பின்னால் கேரவன் இழுக்கும் கொக்கி. ஸ்டியரிங்குக்குக் கம்பளி உறை. கண்ணாடியில் பூச்செடிக் கடையின் தள்ளுபடி அட்டை. நாயை நனைத்து உள்ளே உட்காரவைத்தால் நல்லது என்று குட்டிக் குழு எழுதியிருந்தது. அந்த வருஷம் மழையே இல்லாததால் தோட்டத்துக் குழாயால் நனைத்தான். டோலி அவனை அப்படிப் பார்த்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கீத் மறுபடி வந்தார். சாவியைக் கையில் வாங்கியதுமே முகம் மலர்ந்துவிட்டது.

"இன்னும் ஏறவே இல்லையே, கீத்!"

"போன தடவை ஞாபகம் வந்துடுச்சு, டெரெக். நான் என்ன பண்ண?"

பரிசோதகருக்கு வண்டியின் மேல் ஆசை வந்துவிட்டதால் கொட்டாவிச் சோதனைக்கு உத்தரவானது. குழுவிலிருந்து இரண்டு பேர் மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பின் சீட்டில் உட்காருவார்கள். பக்ஸ்டன் வரை போய்வர வேண்டும். ஒருவராவது தூங்க வேண்டும். டெரெக் சவ ஊர்வலம்போல ஓட்டினான். ஒருவர் தூங்கியும்விட்டார். வாசலில் வந்து நின்றபோது அவர் கண்ணைத் திறந்து, "அதுக்குள்ள வந்துட்டமா?" என்றார்.

அந்த 'அதுக்குள்ள' பதிவானது. அன்றாட வண்டியில் எந்தப் பயணமும் அதற்குள் முடியாதாம்.

ஜூலையில் மோரீனைக் கூப்பிட்டார்கள். மனைவியின் சாட்சி கடைசி வாய்ப்பு, அவள் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும் என்று கீத் முன்கூட்டியே வந்து தலையைச் சொறிந்துகொண்டு சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவள் கோயிலுக்குப் போடுகிற நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். இடுப்பு வலிக்கிறவளுக்கு மர நாற்காலி கொடுத்தார்கள்.

"திருமதி ஆல்சப்," என்றார் தலைவர், "இந்த வண்டியில போகும்போது எப்பவாவது சிரிச்சிருக்கீங்களா?"

மோரீன் டெரெக்கைப் பார்த்தாள். டெரெக் தரையைப் பார்த்தான். இல்லை என்று சொல்லடி என்று நான் மனசுக்குள் கத்தினேன்.

"சிரிச்சேன், கண்ணு," என்றாள்.

தலைவரை அவள் கண்ணு என்றதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் பேருந்து டிரைவரையும் பிஷப்பையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"வேடிக்கையா யாராவது ஏதாவது சொன்னதுக்காக இருக்கலாம் இல்லையா?" என்று கீத் குறுக்கே எடுத்துக்கொடுத்தார்.

"யாரு, டெரெக்கா? அவனுக்கு அதெல்லாம் வராதே. கார் ஓடின ஓட்டத்துக்குத்தான் சிரிச்சேன். வயித்துக்குள்ள ஜிவ்வுன்னு என்னமோ பண்ணுச்சு. எனக்கு அறுபத்தொண்ணு ஆகுது, கண்ணு. இந்த வயசுல வயித்துக்குள்ள நல்லதா ஒண்ணு நடந்தா சிரிக்காம வேற என்ன பண்ணச் சொல்றே?"

குழு டீ இடைவேளை அறிவித்தது. எனக்கு அந்த டீ ஜாடியைத் தூக்கித் தலைவர் தலையில் ஊற்ற வேண்டும்போல இருந்தது. ஊற்றவில்லை. ஸ்கோன் ரொட்டியில் ஜாம் தடவித் தின்றேன், எல்லாரையும் போல.

வெளியே வெயில் கொளுத்தியது. அப்படி ஒரு ஜூலை எங்களுக்கு வாய்த்ததே இல்லை. பாதையெல்லாம் காய்ந்து, மலைமேல் மேகமே இல்லாமல் கிடந்தது. சொந்த வாசலுக்குள் ஓட்ட இன்ஷூரன்ஸ் தேவையில்லை என்பதால் சாயங்காலங்களில் டெரெக் ஆஷ்கோம்பைக் கிளப்புவான். மோரீன் ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காருவாள். கராஜிலிருந்து கேட் வரை போவார்கள். கேட்டிலிருந்து பின்னோக்கி கராஜுக்கு வருவார்கள். போகும்போது மோரீன் என் மனைவிக்குக் கை காட்டுவாள், வரும்போதும் காட்டுவாள்.

ஒரு நாள் தாங்க முடியாமல் வேலிக்குப் போனேன். "கேட்டைத் திறந்து எடுத்துட்டுப் போயிடுப்பா. யாரு பாக்கப் போறா?"

"போய் யாரையாவது இடிச்சிட்டா? ஓரத்துல வர்ற சைக்கிள்காரன் எனக்கு எப்பவாவது லேட்டாத்தான் தெரியறான், கிரஹாம். பத்திரமாத்தான் ஓட்டுவேன். ஆனா இன்ஷூரன்ஸ் இல்லாம ஓட்ட மாட்டேன்."

எங்கள் சங்கத்தில் ஒருவரும் அவனிடம் கேட்காத கேள்விக்கு அவனாகவே பதில் சொல்லிவிட்டு இன்ஜினை அணைத்தான்.

ஆகஸ்டில் கடைசி உத்தரவு வந்தது. இன்ஜினையே அடக்க வேண்டும். மெக்கானிக் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியைப் பொருத்தினான். காலை அழுத்தினால் கார் முதலில் யோசிக்கும், பிறகு வருத்தப்படும், பிறகு போகும். நல்ல சீட்டுகளைக் கழற்றிவிட்டு வாடகை டாக்ஸியின் பழைய சீட்டுகளைப் போட்டான். சைலன்சரில் இருந்த உறுமலும் போனது. கீத் ஓட்டிப் பார்த்துவிட்டு வரி அலுவலகத்துக்குப் போய்வந்த முகத்தோடு இறங்கினார்.

"ஒண்ணுமே தோணல," என்றார். கண்ணில் தண்ணீர்கூட இருந்தது. "பாஸ்."

அன்று டெரெக் என்னிடம், "இப்ப இது அப்படியே உன் கார், கிரஹாம்," என்றான். நான் நன்றி சொன்னேன்.

மிச்சம் தலைவரின் கையெழுத்துதான். தலைவர் போர்ச்சுகலுக்கு கோல்ஃப் ஆடப் போயிருந்தார். துணைத் தலைவர் போடலாமே என்று கீத்துக்கு போன் செய்தோம்.

"தலைவர் இறந்தா மட்டும்தான் துணைத் தலைவர் போட முடியும்," என்றார் கீத்.

டெரெக் யாருக்கும் கெடுதல் நினைக்காதவன். போனை என் கையிலிருந்து வாங்கி, "அவர் உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

"ரொம்ப நல்லா இருக்காரு. நேத்துகூட நீச்சலடிச்சாராம்."

செப்டம்பர் கடைசியில் வெயிலில் சிவந்து வந்து சேர்ந்தார். பிளாக் ராம் மாடியில் விழா. கையெழுத்துப் போட்டு, கை குலுக்கி, ஆஷ்கோம்பின் மூக்கில் குத்துவதற்கு எனாமல் பதக்கம் ஒன்றும் கொடுத்தார். டெரெக் அதைச் சட்டைப் பையில் வைத்து மேலே கையால் பொத்திக்கொண்டே படி இறங்கினான். ஞாயிற்றுக்கிழமை போவதாக முடிவு. மோரீன் சாண்ட்விச்சுக்கு முட்டை வேகவைத்தாள்.

சனிக்கிழமை மலைமேல் உறைபனி விழலாம் என்று ரேடியோவில் சொன்னார்கள். பாதை உறைந்து வழுக்காமலிருக்கக் கவுன்சில் லாரி ஸ்னேக் பாஸில் உப்புத் தூவிவிட்டுப் போய்விட்டது. உப்பு பட்டால் பழைய காரின் இரும்பு அரித்துப்போகும், அது உண்மைதான். எங்கள் சங்கத்தில் அதற்கும் விதி உண்டு. கிளையின் எல்லைக்குள் முதல் உப்பு விழுந்ததும் எல்லா ஆஷ்கோம்பும் ஏப்ரல் வரை தூங்கியாக வேண்டும், இன்ஷூரன்ஸும் கூடவே தூங்கிவிடும். தலைவரே டெரெக்கைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன், போனிலிருந்து அவர் குரல் தெளிவாகக் கேட்டது.

"பனி விழவே இல்லைங்களே," என்றான் டெரெக். "பாருங்க, வெயில் அடிக்குது."

"வெயில் போயிடும், திரு ஆல்சப். உப்பு போகாது."

"நான் வேணும்னா வந்ததும் அடியில கழுவிடறேன். ஒரே ஒரு தடவை."

"எல்லாரும் ஒரே ஒரு தடவைன்னுதான் ஆரம்பிக்கிறாங்க. ஏப்ரல் வரைக்கும் ஏங்குங்க. நல்லா இருக்கும்."

மறுநாள் சாம்பல் நிறக் காரில் டெரெக்கும் மோரீனும் ஸ்னேக் பாஸுக்குப் போனார்கள். ஒரு வைக்கோல் டிராக்டர் முன்னால் போனதாம். முந்திப் போகக் கறுப்புப் பெட்டி விடவில்லை. கிளாஸப் வரைக்கும் வைக்கோலைப் பார்த்துக்கொண்டே போய், டீக்கடை மூடியிருந்ததால் திரும்பி வந்துவிட்டார்கள். முட்டை சாண்ட்விச்சில் பாதியை மோரீன் எனக்குக் கொடுத்தாள்.

அக்டோபரில் கண் சோதனை முடிந்ததும் டெரெக் தன் லைசென்ஸை உறையில் போட்டு ஸ்வான்சீயில் இருக்கும் லைசென்ஸ் அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பினான். மோரீன் கார் ஓட்டக் கற்றதில்லை.

நவம்பரில் சங்கத்தின் ஆண்டு விருந்து. வறுத்த மாட்டுக்கறி, அவித்த முட்டைக்கோசு, பிறகு பரிசளிப்பு. மிகக் குறைந்த தூரம் ஓடிய காருக்குத்தான் எங்கள் சங்கத்தின் மிகப் பெரிய கோப்பை. ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவர் பெட்ரோல் பங்க் வரை போய்வந்த பாவத்துக்காகத் தலை குனிந்தபடிதான் அதை வாங்குவார்.

"இந்த வருஷம்," என்றார் தலைவர் கோப்பையைத் தூக்கிப் பிடித்து, "சங்க வரலாற்றிலேயே முதல் தடவையா, பாதையையே தொடாத ஒரு ஆஷ்கோம்ப். தொட மாட்டேன்னு சொல்றதுக்கு எல்லாராலயும் முடியும், அன்பர்களே. நானும் முப்பது வருஷமா அதைத்தான் சொல்றேன். ஆனா மனுஷ மனசு பலவீனமானது. ஒரு நல்ல காலையில கை தானா சாவிகிட்ட போயிடும். திரு ஆல்சப்போட கை போகவே முடியாது. அவருக்கு லைசென்ஸே கிடையாது! நாம எல்லாரும் எந்த எடத்துக்குப் போய்ச் சேரணும்னு பாடுபடறமோ, அங்க அவர் போய்ச் சேர்ந்துட்டாரு."

எல்லாரும் எழுந்து நின்றார்கள். டெரெக்கும் எழுந்தான். கோப்பை கைக்கு வந்தபோது அதன் ஒரு பக்கப் பிடி அவனுக்குத் தெரியவில்லை, தடவித்தான் பிடித்தான். கோப்பையைக் கையில் கொடுத்தால் ஓர் ஆங்கிலேயன் என்ன சொல்வானோ அதையே சொன்னான். "ரொம்ப நன்றி," என்றான். மோரீன் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. இடுப்பு வலி என்று நினைத்துக்கொண்டார்கள்.

சாம்பல் நிறக் காரை ஓர் இளம் மருத்துவச்சி வாங்கிப் போனாள். அவளுடைய தம்பி அரை மணி நேரத்தில் கறுப்புப் பெட்டியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஸ்டிக்கரையும் உரித்துவிட்டான். தினமும் காலையில் யாருக்கோ பிரசவம் பார்க்க அது எங்கள் தெரு வழியே சிவப்பாகச் சீறிக்கொண்டு போகிறது.

அடுத்த மே மாதம் ஒரு பெரிய வீட்டுப் புல்வெளியில் எங்கள் கண்காட்சி. கோப்பை வாங்கிய கார் என்பதால் டெரெக்கின் ஆஷ்கோம்பை டிரக்கில் ஏற்றி வந்து நடுவில் நிறுத்தி, சுற்றிலும் கயிறு கட்டினார்கள். நல்ல வெயில். கூரையை மடக்கிவிட்டு டெரெக் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தான். மோரீன் ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் ஏறினாள். கயிற்றுக்கு வெளியே நின்று ஜனங்கள் படம் எடுத்தார்கள்.

நான் டீ எடுத்துக்கொண்டு போனேன். டெரெக் கண்ணை மூடியிருந்தான். வலது கை ஸ்டியரிங்கில், இடது கை கியரில். மோரீன் மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "பாலம் தாண்டிட்டோம், டெரெக். மரமெல்லாம் தீந்துடுச்சு. இப்ப ஏத்தம். பெரிய திருப்பம் வருது, இடது பக்கம்."

அவன் கியரைக் குறைத்து, ஸ்டியரிங்கை மெதுவாக இடது பக்கம் திருப்பினான். மோரீனும் அந்தப் பக்கமாகச் சாய்ந்தாள்.

தலைவர் புல்வெளியைக் கடந்து வேகமாக வந்தார். கயிற்றைத் தூக்கிக்கொண்டு குனிந்து உள்ளே நுழைந்து, டெரெக்கின் தோளில் ரொம்பப் பணிவாகக் கை வைத்தார்.

"நின்ன எடத்துல சக்கரத்தைத் திருப்பாதீங்க, திரு ஆல்சப்," என்றார். "டயர் தேயும்."

"மன்னிச்சிருங்க," என்று சொல்லிவிட்டு, டெரெக் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.